செல்வி அக்கா வாங்கிய மதர்போர்டு

சகாயசெல்வி அக்காவின் கம்ப்யூட்டர் நின்றபோது, பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் வினாத்தாளில் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று பாதியில் நின்றது. திரை கறுத்தது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியின் சத்தம் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனை வந்தது. அக்கா கீபோர்டில் இருந்து கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"ஏ புள்ள, என்னடி ஆச்சு?"

எனக்குத் தெரியவில்லை. நான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். எரியோட்டில் எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். படிப்பு முடிந்து இரண்டு வருடமாக அரசுத் தேர்வு எழுதுகிறேன், கோயம்புத்தூருக்கு இரண்டு முறை இன்டர்வியூ போய்த் திரும்பியிருக்கிறேன். ஒரு தேர்வுக்கு ஹால் டிக்கெட் எடுக்க அக்கா கடைக்கு வந்தபோதுதான், "சும்மாதான இருக்க, பகல்ல வந்து இங்கன உக்காரு பானு" என்று வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அப்படிப்பட்ட நான் ஒரு கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்ததே இல்லை. கல்லூரி லேபில் ஒரு மிஷினுக்கு மூன்று பேர். மதர்போர்டைப் பத்து மதிப்பெண்ணுக்குப் படமாக வரைந்திருக்கிறேன். ஸ்கேல் வைத்து, பென்சிலால்.

அன்று மூடியைக் கழற்றினோம். பச்சைப் பலகையின் மேல் சின்னச் சின்ன டப்பாக்கள் நாலைந்து வயிறு உப்பி நின்றன. ஒன்று வெடித்திருந்தது.

"இது செத்துப் போச்சுக்கா" என்றேன். அதைச் சொல்ல டிகிரி தேவையில்லை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடைக்கும் மெஸ்சுக்கும் நடுவில் இருக்கிறது அக்காவின் கடை. எட்டடிக்குப் பத்தடி. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஜெராக்ஸ் மிஷின், லேமினேஷன் மிஷின். விண்ணப்பம், ரெஸ்யூம், ஆதார் அட்டையை லேமினேட் செய்வது என்று நாள் முழுக்க ஆள் வரும். ஆனால் கடையைக் காப்பாற்றுவது அது இல்லை. ஒரே கரஸ்பாண்டென்டின் கீழ் ஐந்து பள்ளிகள் இருக்கின்றன. அந்த ஐந்துக்கும் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு வினாத்தாள்களை அடித்துக் கொடுப்பது பதினோரு வருடமாக அக்காதான்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். எழுத்தைப் பார்ப்பார், விரல் ஓடும், வாய் பக்கத்தில் நிற்பவரிடம் பேசிக்கொண்டிருக்கும். எந்த வாத்தியார் 'ன'வை எப்படிச் சுழிப்பார் என்பது வரை தெரியும். "சார், இந்தக் கேள்வி காலாண்டுலயே வந்துருச்சே, மாத்திருங்க" என்று ஆசிரியர்களையே போனில் கூப்பிட்டுச் சொல்வார். அவருடைய மகன் அஜித் அந்த ஐந்தில் ஒரு பள்ளியில்தான் படித்தான். அவன் பத்தாவது படித்த வருடம், ஒவ்வொரு தேர்வுக்கும் முந்தைய பத்து நாள் அவனை வத்தலகுண்டில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். அங்கிருந்து பஸ்ஸில் பள்ளிக்கு வந்து போனான். அரையாண்டில் சமூக அறிவியலில் ஐம்பத்தெட்டு வாங்கினான். அவன் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

போன வருடம் வேறெங்கோ ஒரு பள்ளியின் வினாத்தாள் போனில் சுற்றியதாகப் பேச்சு வந்தது. அதிலிருந்து கரஸ்பாண்டென்டுக்குப் பயம். கம்ப்யூட்டர் நிற்பதற்கு முந்தைய நாள், பள்ளி அலுவலகத்தில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மணிமாறன் சார் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். கம்ப்யூட்டரில் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும், டிஸ்க் பூட்டப்பட்டிருக்க வேண்டும், புதிய விண்டோஸ் இருக்க வேண்டும் என்று பன்னிரண்டு வரி. வருகிற திங்கட்கிழமை நேரில் பார்க்க வருவார். இல்லாவிட்டால் வேலை மதுரையில் ஒரு அச்சகத்துக்குப் போய்விடும்.

கம்ப்யூட்டர் நின்றது செவ்வாய்க்கிழமை.

"எப்புடியும் மாத்தத்தான் வேணும். செத்ததும் நல்லதுக்குத்தான்" என்றார் அக்கா. "நீ கம்ப்யூட்டர் படிச்ச புள்ள. எந்தப் போர்டு வாங்கணும்னு நீயே சொல்லு. ஒம்பதாயிரத்துக்கு மேல எங்கிட்ட ஒத்த ரூவா கெடையாது."

அன்று மத்தியானம் முழுக்கப் போனில் படித்தேன். டிபிஎம் என்பதைப் புரிந்துகொள்ளவே ஒரு மணி நேரம் ஆனது. டிஸ்க்கைத் திறக்கும் சாவியைத் தனக்குள் மறைத்து வைத்துக்கொள்ளும் சில்லு அது. டிஸ்க்கை யாராவது கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், அந்தச் சாவி கிடைக்காது, உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. இவ்வளவுதான். இதை மூன்று வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. சொன்ன அன்று நான் கவனிக்கவில்லையா என்றும் யோசித்தேன். இரண்டில் எது என்று இப்போதும் தெரியவில்லை.

புதன்கிழமை நாங்கள் போன முதல் கடை கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள கடை. கவுண்டரில் நின்றவர் பெட்டியைப் பிரிக்காமலே பேசினார்.

"டிபிஎம் தானம்மா? இருக்கு. மூவாயிரத்து இருநூறு. உங்க பழைய புராசசர், பழைய மெமரி எல்லாம் இதுலயே மாட்டிக்கலாம்."

அக்கா பர்சைத் திறந்துவிட்டார். எனக்கு ஏதோ இடித்தது. "பிரிச்சுக் காட்டுங்கண்ணே" என்றேன். பிரித்தார். பலகையின் ஓரத்தில் டிபிஎம் என்று அச்சிட்டிருந்தது. அதன் பக்கத்தில் இரண்டு வரிசையாக வெறும் ஊசிகள் நின்றன.

"இது சில்லு மாட்டுறதுக்கு இடம்தானண்ணே? சில்லு எங்க?"

"அது தனியா வாங்கணும்."

"இருக்கா?"

"ஸ்டாக் இல்ல. ஆன்லைன்ல போட்டா வரும். வந்தாலும் இந்தப் பழைய மாடலுக்குச் சேருமான்னு என்னால சொல்ல முடியாது."

"அப்ப இருக்குன்னு சொன்னீங்க?"

"இடம் இருக்குல்ல?"

அக்கா பர்சை மூடினார். "ஏண்ணே, அப்ப வீடு கட்ட எடம் இருந்தா வீடு இருக்குன்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டுவிட்டு இறங்கினார்.

என் முதல் வெற்றி அது. கொஞ்ச நேரம்தான் நீடித்தது. அடுத்த இரண்டு கடைகளில், பாதுகாப்புச் சில்லின் வேலையைப் புதிய புராசசர்களே தமக்குள் செய்துகொள்ளும், தனிச் சில்லு வேண்டாம் என்று தெரிந்துகொண்டேன். நல்ல செய்திதான். ஆனால் புதிய புராசசர் பழைய போர்டில் உட்காராது. புதிய போர்டில் பழைய மெமரி உட்காராது. போர்டு மட்டும் என்று கிளம்பிய கணக்கு மூன்று பொருளாக வளர்ந்து, இருபதாயிரத்தைத் தாண்டியது. அதிலும் மெமரி விலை சில மாதத்தில் இரட்டிப்பாகிவிட்டதாம். "நேத்து வந்திருந்தா ஐநூறு கொறஞ்சிருக்கும்" என்றார் ஒரு கடைக்காரர். நேற்றுதான் எங்கள் போர்டு வெடித்தது.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"என்னடி, படிச்சதெல்லாம் வெலையக் கேட்டதும் ஓடிப் போச்சா?"

"நான் படிச்சப்ப வெலை போடலக்கா."

வியாழக்கிழமை பேகம்பூர் பக்கம் நூர் முகமது பாயின் கடைக்குப் போனோம். பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி, பிரித்து, பழுது பார்த்து விற்பவர். ஐம்பது வயது இருக்கும். பேசும்போது கையில் ஸ்க்ரூடிரைவர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"புதுசு வேணாம் தங்கச்சி" என்றார் அக்காவிடம். "மூடிப்போன ஒரு ஆபீஸ்ல இருந்து பன்னெண்டு மிஷின் வந்துச்சு. ஏழு வருசம் பழசு, ஆனா ஏசி ரூம்ல வாழ்ந்த போர்டு. புராசசரோட தாரேன். பாப்பா கேக்குற சில்லு வேல அந்தப் புராசசருக்குள்ளயே இருக்கு."

"இடம் மட்டும் இருக்கா, சில்லே இருக்கா?" என்று அக்கா கேட்டார்.

"என்ன தங்கச்சி?"

"ஒண்ணுமில்ல பாய். பாப்பா கேக்கும்."

நான் கேட்டேன். போர்டின் மாடல் எண்ணைப் போனில் போட்டு, அதைச் செய்த கம்பெனி கடைசியாக எப்போது திருத்தம் வெளியிட்டது என்று பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன். வாங்கலாம். புதிய விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் அந்தப் புராசசர் இருந்தது. ஆனால் மிஷினை ஓடவிட்டு, பாதுகாப்பை ஆன் செய்யும் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போனால், பழைய ஆபீஸ் போட்ட பாஸ்வேர்டைக் கேட்டது. அது இல்லாமல் பாதுகாப்பை ஆன் செய்ய முடியாது.

"பாய், இது பூட்டியிருக்கே."

"பூட்டுனது நல்ல போர்டுன்னு அர்த்தம் பாப்பா" என்று சிரித்தவர், போர்டில் பொட்டு அளவில் இருந்த ஒரு பிளாஸ்டிக் துண்டை உருவி, இடம் மாற்றிச் சொருகி, திரும்ப ஓடவிட்டார். பாஸ்வேர்டு போயிருந்தது. அவ்வளவு சுலபமா என்று எனக்கு உறுத்தியது. "இப்புடித் தொறக்கலாம்னா அப்பறம் என்ன பாதுகாப்பு?" என்று கேட்டேன்.

"மூடியத் தொறந்து கைய விடுறவன் வீட்டுக்குள்ள வந்துட்டான்ல பாப்பா. அதுக்குத்தான டிஸ்க்கப் பூட்டச் சொல்றாங்க. இந்தத் துண்ட மாத்துனா டிஸ்க்கு தொறக்காது."

அது சரியான பதில். என் பாடப் புத்தகத்தில் இல்லாத பதில். போர்டு, புராசசர், அதோடு வந்த மெமரி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து முந்நூறு சொன்னார். அக்கா அரை மணி நேரம் நின்று, அவர் மகள் கல்யாணப் பத்திரிகையை இலவசமாக அடித்துத் தருவதாகச் சொல்லி, எட்டாயிரத்து எண்ணூறுக்கு முடித்தார்.

"எனக்கு மகளே இல்லையே தங்கச்சி."

"மகனுக்கு அடிச்சுத் தாரேன், விடுங்க பாய்."

வெள்ளிக்கிழமை பாயே வந்து மாட்டிக்கொடுத்தார். சனிக்கிழமை காலையில் இருந்து நான் உட்கார்ந்து விண்டோஸ் ஏற்றி, பாதுகாப்பை ஆன் செய்து, டிஸ்க்கைப் பூட்டினேன். முடியும்போது திரையில் நாற்பத்தெட்டு இலக்கங்கள் வந்தன. கம்ப்யூட்டர் எப்போதாவது சந்தேகப்பட்டு நின்றுவிட்டால் அதைத் திறக்க அந்த எண் ஒன்றுதான் வழி. வேறு ஒரு இடத்தில் பத்திரமாக வைக்கச் சொல்லியது. தாளில் அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தேன். அப்போது நான் சொன்ன வார்த்தைகள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன.

"அக்கா, இது ரொம்ப முக்கியம். இது தொலைஞ்சா எல்லாம் போச்சு. தண்ணி படக்கூடாது, கிழியக்கூடாது, கேட்டா டக்குன்னு எடுக்கிற மாதிரி இருக்கணும்."

எரியோடு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஓடிவிட்டேன்.

திங்கட்கிழமை வேடசந்தூர் ரோட்டில் பஸ் நின்று, நான் கடைக்கு வர பத்தேகால் ஆனது. மணிமாறன் சார் முன்னாலேயே வந்திருந்தார். தாளில் ஒன்பது வரிக்கு டிக் அடித்து முடித்திருந்தார். அக்காவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். நான் செருப்பைக் கழற்றும்போது சார் பத்தாவது வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

காலண்டருக்குப் பக்கத்தில், ஆணியில் ஒரு ஏ4 அட்டை தொங்கியது. நான் கொடுத்த தாளின் எழுத்து சிறியதாக இருக்கிறது என்று அக்கா அதைத் திரும்ப அடித்திருக்கிறார். மேலே பெரிய எழுத்தில் 'கம்ப்யூட்டர் திறக்கும் எண்' என்று தலைப்பு. கீழே நாற்பத்தெட்டு இலக்கங்கள், நான்கு வரியாக, ஒரு பிழை இல்லாமல். சுற்றிலும் பூப்போட்ட பார்டர். பளபளவென்று லேமினேட் செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, கடையைத் திறந்து செய்த வேலை அது.

அந்தக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் முக்கியமானதை லேமினேட் செய்யத்தான் வருவார்கள். தண்ணி படக்கூடாது, கிழியக்கூடாது என்று ஒரு பொருளைக் காட்டிச் சொன்னால் அக்கா வேறு என்ன செய்வார்? யார் கண்ணிலும் படக்கூடாது என்ற ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அது எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்ததால் சொல்லவில்லையா, அல்லது எனக்கே அது அரைகுறையாகத்தான் தெரியுமா?

"சூப்பர் மேடம்" என்றார் மணிமாறன் சார். "பூட்டும் போட்டுட்டு, சாவிக்கு பிரேமும் போட்டு மாட்டிட்டீங்க."

அக்காவுக்குப் புரியவில்லை. பாராட்டுகிறார் என்று நினைத்து முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"நான்தான் சார் மாட்டுனேன்" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நான்தான் தாமதமாக வாய் திறந்தேன். "சார், என் தப்பு. அஞ்சு நிமிசத்துல அந்த நம்பரையே மாத்திரலாம். பழையது செல்லாது." அவர் கண் முன்னாலேயே மாற்றினேன். புதிய எண்ணைத் தாளில் எழுதி மடித்து என் பைக்குள் வைத்தேன். வேகத்தில் இன்னொன்றையும் சொன்னேன். "சார், அக்கா சொந்தப் பையனையே வத்தலகுண்டுக்கு அனுப்பிட்டு வினாத்தாள் அடிச்சவங்க. பதினோரு வருசத்துல ஒரு கேள்வி வெளிய போனதில்ல."

"தெரியும்மா. அதெல்லாம் லிஸ்ட்டுல இல்ல" என்றார். தாளில் ஏதோ எழுதி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அக்கா அட்டையைக் கழற்றி, கத்தரிக்கோலால் வெட்ட ஆரம்பித்தார். லேமினேட் செய்த அட்டை சீக்கிரம் வெட்டுப்படாது.

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடி?"

"சொல்லணும்னு தோணலக்கா."

"ஆமா. எனக்கும் கேக்கணும்னு தோணல."

அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் போன் வந்தது. வேலை மதுரைக்குப் போகவில்லை. ஆனால் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் கடையில் அடிக்கக் கூடாது, பள்ளிக்கே வந்து அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும், போனை வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும், ஒன்பது நாள் வர வேண்டும் என்றார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலியிலும் கொஞ்சம் குறைத்தார்கள், பிரிண்ட் எடுப்பது பள்ளியின் செலவு என்பதால். அக்கா "சரிங்க சார்" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

அந்தக் கம்ப்யூட்டரில் டைப்ரைட்டர் முறைத் தமிழ் கீபோர்டு இல்லை. அதை ஏற்றித் தர முதல் நாள் நானும் போனேன். ஆபீசுக்குப் பக்கத்து அறை. ஒரு மூலையில் விளையாட்டுச் சாமான், மறு மூலையில் கம்ப்யூட்டர். நான் ஆன் செய்தேன். "பாஸ்வேர்டு சார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல, என்டர் தட்டு" என்றார் மணிமாறன் சார்.

பழைய விண்டோஸ். அக்கா கடையில் வெடித்த போர்டைவிட இது மூத்தது. சில்லும் இல்லை, சில்லுக்கு இடமும் இல்லை. டெஸ்க்டாப்பில் ஆசிரியர்களின் சம்பளப் பட்டியலும் யாரோ இறக்கி வைத்த மூன்று சினிமாவும் இருந்தன.

"சார், இதுல டிபிஎம் இல்ல. டிஸ்க்கும் பூட்டல."

"இது ஸ்கூலுக்குள்ளதானம்மா இருக்கு?"

"லிஸ்ட்டுல..."

மேசைக்கு அடியில் அக்காவின் கால் என் காலை மிதித்தது. நிறுத்திக்கொண்டேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, தாளை நிமிர்த்தி வைத்து, அடிக்க ஆரம்பித்தார்.

ஒன்பது நாளும் கடையில் நான்தான். புதிய போர்டு ஒரு தடவைகூட நிற்கவில்லை, சூடாகவில்லை. அதில் ரெஸ்யூம் அடித்தேன், வருமானச் சான்றுக்கு விண்ணப்பம் போட்டேன். கடைசி நாள் மாலை பள்ளிக்குப் போய் அக்காவைக் கூட்டி வந்தேன். கிளம்பும்போது அவர் மணிமாறன் சாரிடம் போய் நின்றார்.

"சார், முழு ஆண்டுக்கும் இங்கனதானா?"

"ஆமா மேடம். இதான் சேஃப்டி."

"சரி சார், வாரேன். அந்த மிஷினுக்கு ஒரு பாஸ்வேர்டாச்சும் போடுங்க. நான் சாப்புடப் போயிட்டு வந்தா யாரோ உக்காந்து படம் பாக்குறாங்க."

"பாஸ்வேர்டு போட்டா ஆபீஸ்ல நாலு பேருக்கு வேல ஓடாது மேடம்" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வாட்ச்மேனிடம் போனை வாங்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினோம். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாக நீவி விட்டுக்கொண்டு வந்தார்.

"நாம வாங்குனது நல்ல போர்டுதானடி?"

"நல்ல போர்டுதாங்க்கா. அந்தக் காசுக்கு அதவிட நல்லது கெடைக்காது."

"பெறகு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அன்னைக்கு அந்த மனுசங்கிட்ட டிஸ்க்கு, சில்லுன்னு பட்டுப் பட்டுன்னு பேசுனியே. இந்த வாய இன்டர்வியூல தொறந்தா என்ன?"

"அங்க யாரும் போர்டப் பத்திக் கேக்கலக்கா. ஒங்க பலம் என்ன, பலவீனம் என்னன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அடுத்த ஆளக் கூப்புட்டுட்டாங்க."

அக்கா கண்டக்டரிடம் இரண்டு விரலைக் காட்டி, "ரெண்டு பஸ் ஸ்டாண்டு" என்றார்.